கிரெட்ஸ்கியா, ஓரா? எல்லாக் கால ஹாக்கி டிராஃப்டில் வாதாடி ஜெயிக்க ஒரு முழு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஐஸ் ஹாக்கி. தலைப்பில் உள்ள வேய்ன் கிரெட்ஸ்கியும் பாபி ஓரும் வட அமெரிக்க லீகான என்எச்எல்லில் ஆடிய ஜாம்பவான்கள். தியான் சந்தைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

எல்லாக் கால டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, நூறு வருட ஹாக்கியில் ஆடிய யாரை வேண்டுமானாலும், அவர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறை வைத்து எடுத்து ஆளுக்கொரு அணி கட்டுவது. ஒரு அணிக்கு இருபது பேர்: முன்வரிசைக்குப் பன்னிரண்டு (நடுவில் ஆடும் சென்டர், பக்கங்களில் ஆடும் விங்), டிஃபென்ஸுக்கு ஆறு, கோல்கீப்பர் இரண்டு. மொத்தம் 240 பேர். ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்க முடியாது.

வழக்கமான ஃபேன்டசி ஆட்டத்தில் நீங்கள் தப்பான ஆளை எடுத்தீர்களா என்பதை அடுத்த சனிக்கிழமை ஆட்டம் சொல்லிவிடும். இங்கே ஆட்டமே நடக்கப்போவதில்லை. 1929-இல் ஆடியவரும் 2023-இல் ஆடியவரும் எந்தத் தளத்திலும் மோத முடியாது. கடைசியில் இரண்டிரண்டு அணியாக நிறுத்தி, மற்ற பத்துப் பேர் ஓட்டுப் போட்டுத்தான் யார் ஜெயித்தார் என்று முடிவாகும். அதனால் ஆளை எடுப்பது பாதி வேலைதான், அவர் அந்த இடத்துக்குத் தகுந்தவர் என்று நம்பவைப்பது மீதி. முதல் வருடம் இது எனக்குப் புரியவில்லை. பெரிய பெயர்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தேன், முதல் சுற்றிலேயே வெளியே போனேன்.

படி 1: சண்டைக்கு முன்னால் விதி

டிராஃப்ட் தொடங்குவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லிவிட வேண்டும். பாதியில் கேட்டால் ஒவ்வொருவரும் தன் ஆளுக்குச் சாதகமான பதிலைத்தான் சொல்வார்கள்.

உச்சத்தை மதிப்பதா, நீண்ட ஆட்டவாழ்வை மதிப்பதா? பாபி ஓர் என்எச்எல்லில் ஆடியது 657 ஆட்டம். கோர்டி ஹோவ் ஆடியது 1767. ஓர் தொடர்ந்து எட்டு வருடம் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் விருதை வாங்கினார், பிறகு முழங்கால் போய்விட்டது. 1974-75-க்குப் பின் அவரால் மொத்தமே 36 ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஹோவ் 52 வயதிலும் சறுக்கிக்கொண்டிருந்தார். எதை எடைபோடுகிறோம் என்று சொல்லாமல் இந்த இருவரையும் ஒப்பிட்டால் விடியும்வரை பேசலாம், ஒரு அங்குலம் நகராது. எங்கள் கூட்டத்தில் ஒரு சமரசம் வைத்திருக்கிறோம்: ஒருவருடைய சிறந்த ஏழு வருடங்களுக்குத்தான் முக்கிய எடை, மீதி வருடங்கள் சமநிலையை உடைக்க மட்டும்.

பழைய காலத்து ஆளை அப்படியே தூக்கி வந்து இறக்குகிறோமா, அல்லது அவர் இன்று பிறந்து இன்றைய பயிற்சியோடு வளர்ந்ததாக எடுத்துக்கொள்கிறோமா? முதல் வழியில் போனால் 1960-க்கு முந்தைய எவரையும் எடுக்க முடியாது, டிராஃப்டே சப்பென்று ஆகிவிடும். அவரவர் காலத்தில் மற்றவர்களை விட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்பதை அளந்து, அந்தத் தூரத்தை மட்டும் கொண்டுவருவதுதான் நியாயம். பிராட்மேனைப் பற்றிப் பேசும்போது நாம் இதைத்தானே செய்கிறோம்? இன்றைய 150 கிலோமீட்டர் பந்துவீச்சை அவர் எப்படி ஆடுவார் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

என்எச்எல்லுக்கு வெளியே ஆடியது செல்லுமா? செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பிறகு வருகிறது.

படி 2: எண்களைக் கழுவிவிட்டுப் பாருங்கள்

புதிதாக வருபவர் செய்யும் முதல் தப்பு, புள்ளிப் பட்டியலை அப்படியே படிப்பது. (கோல், கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதையெல்லாம் கூட்டுவதுதான் இங்கே புள்ளி.) 1928-29-இல் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் டொரான்டோவின் ஏஸ் பெய்லி. எவ்வளவு தெரியுமா? 32. கிரெட்ஸ்கி 1985-86-இல் எடுத்தது 215. கிரெட்ஸ்கி ஏழு மடங்கு உயர்ந்தவரா? இல்லை. பெய்லி ஆடிய வருடம் எதிரணிப் பகுதிக்குள் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) முன்னோக்கித் தள்ளிப் பாஸ் கொடுக்கவே அனுமதி கிடையாது. மான்ட்ரியால் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் அந்த வருடம் 44 ஆட்டத்தில் 22-இல் ஒரு கோல்கூட விடவில்லை. அடுத்த சீசனில் விதியை மாற்றினார்கள், கோல்கள் கொட்ட ஆரம்பித்தன. ஆள் மாறவில்லை, விதிதான் மாறியது.

இப்படி விதி மாறிய ஒவ்வொரு இடமும் வாதத்தில் ஒரு ஆயுதம். எனக்குப் பிடித்தது 1956-இல் நடந்தது. அதற்கு முன் இரண்டு நிமிடத் தண்டனை வாங்கியவர், எதிரணி எத்தனை கோல் போட்டாலும் முழு இரண்டு நிமிடமும் வெளியேதான் உட்கார வேண்டும். மான்ட்ரியாலின் ழான் பெலிவோ 1955 நவம்பரில் ஒரே பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) 44 வினாடிக்குள் மூன்று கோல் அடித்தார். மான்ட்ரியாலின் பவர் பிளே இப்படி வதைத்ததால், ஒரு கோல் விழுந்ததும் ஆள் திரும்பி வரலாம் என்று விதியை மாற்றினார்கள். பெலிவோவையோ, பின்னாலிருந்து அந்தப் பவர் பிளேயை ஓட்டிய டக் ஹார்வியையோ எடுக்கிறவர் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு அவர் மேல்தான்.

சீசன் நீளமும் ஒன்றல்ல. 1940-களின் நடுவில் 50 ஆட்டம், 2024-25-இல் 82. கோல் மழையும் ஒன்றல்ல. 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து சுமார் எட்டு கோல், 2003-04-இல் ஐந்தைச் சற்றே தாண்டியது.

இதையெல்லாம் ஒரே அடியில் சரிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. அந்த வருடம் இரண்டாம் இடம் பிடித்தவரின் புள்ளியால் நம் ஆளின் புள்ளியை வகுத்து நூறால் பெருக்குங்கள். முதலிடத்தால் வகுக்கக் கூடாது, கிரெட்ஸ்கி மாதிரி ஒருவர் முதலிடத்தில் இருந்தால் மற்ற எல்லோரும் குள்ளமாகத் தெரிவார்கள்.

மோரென்ஸ், 1927-28: 51 புள்ளி, இரண்டாமவர் ஜோலியா 39. விடை 131.
ஹோவ், 1952-53: 95 புள்ளி, இரண்டாமவர் லிண்ட்சே 71. விடை 134.
கிரெட்ஸ்கி, 1983-84: 205 புள்ளி, இரண்டாமவர் காஃபி 126. விடை 163.
ஜாகர், 1998-99: 127 புள்ளி, இரண்டாமவர் செலானே 107. விடை 119.
மெக்டேவிட், 2022-23: 153 புள்ளி, இரண்டாமவர் ட்ரைசைட்டில் 128. விடை 120.

பார்த்தீர்களா, 51 புள்ளி எடுத்த மோரென்ஸ் 153 புள்ளி எடுத்த மெக்டேவிடைத் தாண்டி நிற்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள், இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இரண்டாமவர்களை மறுபடி பாருங்கள். ஜோலியா, மோரென்ஸின் அணிக்காரர். லிண்ட்சே, ஹோவோடு ஒரே லைனில் (சேர்ந்து இறங்கும் முன்வரிசை மூவர்) ஆடியவர். காஃபி, கிரெட்ஸ்கியின் அணி. ட்ரைசைட்டில், மெக்டேவிடின் அணி. இவர்கள் எடுத்த புள்ளியில் ஒரு பங்கு நம் ஆளே ஊட்டியது, அதை வைத்தே நம் ஆளை வகுத்தால் அவருக்கு அநியாயம். அணிக்காரரைத் தள்ளிவிட்டு அடுத்தவரால் வகுத்தால் ஹோவுக்கு 156 (மோரிஸ் ரிச்சர்ட் 61), கிரெட்ஸ்கிக்கு 169 (கூலே 121), மெக்டேவிடுக்கு 135 (பாஸ்டர்நாக், குச்செரோவ் இருவரும் 113). செலானே வேறு அணி என்பதால் ஜாகர் 119-லேயே நிற்கிறார். ஜாகரை வைத்திருப்பவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

போர்க்காலத்துக்குத் தனி எச்சரிக்கை. 1943-44-இல் பாதி லீக் படையில் இருந்தது. அந்த வருடம் 82 புள்ளி எடுத்துச் சாதனை படைத்த ஹெர்ப் கெய்ன் இன்றுவரை ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. மறு வருடம்தான் மோரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தார். ‘அது போர்க்கால கோல்’ என்று எதிராளி சொல்வார், ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம், போர் முடிந்த பிறகும் ரிச்சர்ட் நான்கு முறை லீகில் அதிக கோல் அடித்தார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 3: விருது எப்போது பிறந்தது, யார் கொடுத்தது?

நோரிஸ் விருது 1953-54-இல்தான் வந்தது. எடி ஷோர் அதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார். ‘ஷோருக்கு ஒரு நோரிஸ்கூட இல்லை’ என்று யாராவது சொன்னால், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை அவர் நான்கு முறை வாங்கினார் என்று பதில் சொல்லுங்கள், டிஃபென்ஸில் ஆடிக்கொண்டே. பிளே-ஆஃபின் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) சிறந்தவருக்கான கான் ஸ்மைத் 1965-இல் வந்தது, முதலில் வாங்கியவர் பெலிவோ. தடுப்பாட்டம் ஆடும் முன்வரிசைக்காரருக்கான செல்கி 1977-78-இல். முதல் நான்கையும் பாப் கெய்னி அள்ளிக்கொண்டார்.

பெரிய குழப்பம் கோல்கீப்பர்களின் வெஸினாவில். 1981-82-க்கு முன்பு அது ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் விருதே அல்ல, குறைந்த கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்குத் தானாகப் போய்விடும். முன்னால் ஹார்வி நின்றால் யார் வலையில் நின்றாலும் குறைவாகத்தான் விழும். அதனால் ஜாக் பிளான்டின் ஏழு வெஸினாவை டொமினிக் ஹாஷெக்கின் ஆறோடு வைத்து எண்ணக் கூடாது. பழைய கோல்கீப்பர்களுக்கு அந்தந்த வருடத்தின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணித் தேர்வைப் பாருங்கள், அது ஓட்டு. அப்படிப் பார்த்தால் முகமூடி இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டம் ஆடிய க்ளென் ஹால் ஏழு முறை முதல் அணியில் இருக்கிறார், பிளான்ட் மூன்று முறைதான். ஆனால் பிளான்டுக்கு 1962-இல் ஹார்ட் விருதே கிடைத்தது. நான் இன்னும் இந்த இருவருக்கு நடுவே ஊசலாடுகிறேன்.

ஹாஷெக்கா, பாட்ரிக் ருவாவா என்பதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. ஹாஷெக் ஆறு வருடம் தொடர்ந்து தடுப்பு விகிதத்தில் லீகில் முதலிடம், ஹார்ட் விருதை இரண்டு முறை வாங்கிய ஒரே கோல்கீப்பர். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதி ஷூட்-அவுட்டில் கனடாவின் ஐந்து பேரையும் நிறுத்தினார். ருவாவுக்கு மூன்று கான் ஸ்மைத், 1993 பிளே-ஆஃபில் கூடுதல் நேரத்தில் தொடர்ந்து பத்து வெற்றி. உச்சம் என்றால் ஹாஷெக், வசந்தகாலத்து பிளே-ஆஃப் என்றால் ருவா. நம் டிராஃப்ட் முடிவதே பிளே-ஆஃப் மாதிரியான ஓட்டெடுப்பில்தான் என்பதால் ருவாவுக்கு ஓட்டு விழும். எனக்குக் கிடைத்தால் ஹாஷெக்கைத்தான் எடுப்பேன், கொஞ்சம் குறைந்த விலைக்கு, அதாவது சற்றுப் பிந்திய முறையில்.

கோப்பைகளை எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஹென்ரி ரிச்சர்டுக்கு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை பதினொன்று, 1771 புள்ளி எடுத்த மார்செல் டியோனுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரும் ஆடிய அணி அப்படி.

படி 4: பக்கத்தில் யார் ஆடினார்?

இதுதான் இந்த டிராஃப்டின் சுவையான சண்டை, நல்ல உதாரணம் ஃபில் எஸ்பொசிட்டோ. ஐந்து முறை லீகில் அதிகப் புள்ளி, 1970-71-இல் 76 கோல். அந்த 76-ஐ கிரெட்ஸ்கி வந்துதான் தாண்டினார். எண்ணை மட்டும் பார்த்தால் இவர் முதல் பத்துக்குள் போக வேண்டும், எந்த டிராஃப்டிலும் போவதில்லை.

குறைத்துப் பேசுபவர் வாதம் இது: பின்னாலிருந்து பக்கைக் கொண்டுவந்து கொடுத்தது பாபி ஓர், இவர் வலைக்கு முன்னால் நின்று தள்ளிவிட்டார். 1975 நவம்பரில் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றப்பட்ட பிறகு ஒரு முறைகூட 90 புள்ளியை எட்டவில்லை. அதற்கு முன்னால் சிகாகோவில் பாபி ஹல்லோடு ஆடியபோதும் அவருடைய உச்சம் 61 புள்ளிதான்.

எஸ்பொசிட்டோவை வைத்திருப்பவர் இதற்கு என்ன சொல்ல வேண்டும்? இரண்டு விஷயம். ஒன்று, பாஸ்டனுக்கு வந்த முதல் வருடம், 1967-68, பாபி ஓர் காயத்தால் 46 ஆட்டம்தான் ஆடினார். அப்போதே எஸ்பொசிட்டோ 84 புள்ளி எடுத்து லீகில் இரண்டாமிடம். இரண்டாவது, 1972-இல் சோவியத் அணியோடு நடந்த எட்டு ஆட்டத் தொடர். பாபி ஓர் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் ஆடவே இல்லை. கனடாவைத் தோளில் சுமந்தது எஸ்பொசிட்டோ, 13 புள்ளியோடு தொடரிலேயே முதலிடம். ரேஞ்சர்ஸுக்குப் போகும்போது அவருக்கு 33 வயது என்பதையும் சொல்லிவையுங்கள்.

என் தீர்ப்பு: கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கூட்டம் கழிக்கும் அளவுக்கு அல்ல. எல்லோரும் பயந்து ஒதுக்குவதால் மூன்றாவது சுற்றில் கிடைத்தால் அவர் மலிவு. எதிரணி கழித்த அளவும் நீங்கள் கழிக்க வேண்டிய அளவும் வேறுபடும் இடத்தில்தான் இந்த ஆட்டத்தில் லாபம்.

படி 5: எடுத்த பிறகு என்ன மிஞ்சும்?

முறை பாம்பு மாதிரி வளைந்து வரும். முதலில் எடுத்தவருக்கு அடுத்த முறை 24-ஆவதும் 25-ஆவதும். கடைசியில் இருப்பவருக்கு 12-உம் 13-உம் அடுத்தடுத்து. ஆகவே ‘யார் பெரியவர்’ என்பதோடு, ‘இவரை விட்டால் என் அடுத்த முறை வரும்போது அந்த இடத்துக்கு யார் இருப்பார்’ என்றும் கேட்க வேண்டும்.

சென்டர்கள் குவிந்து கிடக்கிறார்கள். கிரெட்ஸ்கி, லெமியூ, பெலிவோ, க்ராஸ்பி, மெக்டேவிட், மோரென்ஸ் எல்லாம் போன பிறகும் மிகிடா, மெஸியே, ட்ராட்டியே, சாகிக், க்ளார்க் என்று வரிசை நிற்கும். இடது விங் அப்படியில்லை. பாபி ஹல், 2025 ஏப்ரலில் கிரெட்ஸ்கியின் 894 கோலைத் தாண்டிய ஓவெச்கின், இந்த இருவரும் போய்விட்டால் சட்டென்று ஒரு படி இறங்கித்தான் லிண்ட்சே, மஹோவ்லிச் வருவார்கள். பட்டியலில் ஹல் பத்தாமவராக இருந்தாலும் ஆறாவதாக எடுப்பதில் தப்பில்லை.

இந்தக் கணக்கில்தான் எனக்கு முதல் முறை கிடைத்தால் கிரெட்ஸ்கியை விட்டுவிட்டு ஓரை எடுப்பேன். கிரெட்ஸ்கிதான் பெரிய தாக்குதல் வீரர், அதில் சந்தேகமே இல்லை. அவருடைய 1963 அசிஸ்ட் மட்டுமே வேறு எவருடைய மொத்தப் புள்ளியையும் தாண்டும். ஆனால் 24-ஆவது முறையில் எனக்கு நல்ல சென்டர் ஒருவர் கண்டிப்பாகக் கிடைப்பார். டிஃபென்ஸ்மேனாக இருந்து லீகில் அதிகப் புள்ளி எடுத்தவர் பாபி ஓர் ஒருவர்தான், அதையும் இரண்டு முறை செய்தார். 1970-71-இல் அவர் தளத்தில் இருந்தபோது பாஸ்டன் அடித்ததற்கும் வாங்கியதற்கும் வித்தியாசம் +124, இன்றும் சாதனை. கூட்டத்தில் பாதிப் பேர் இதற்கு என்னைத் திட்டுவார்கள். ‘ஹார்வி, லிட்ஸ்ட்ராம், புர்க், ஷோர் என்று டிஃபென்ஸும் ஆழம்தானே’ என்பது அவர்களின் வாதம், அது பலமான வாதமும்கூட.

படி 6: மறுகரையில் ஆடியவர்கள்

சோவியத் ஆட்டக்காரர்களின் விலை எப்போதும் கொஞ்சம் தள்ளாடும், காரணம் என்எச்எல் எண் இல்லாதது. விளாடிஸ்லாவ் ட்ரெத்தியாக் ஒரு நாள்கூட அங்கே ஆடவில்லை. ஆனால் என்எச்எல் ஆட்டக்காரர்களோடு நேருக்கு நேர் மோதிய பதிவு இருக்கிறது: 1972 தொடர், கனடா கோப்பைகள். செர்கேய் மகரோவ் 31 வயதில் கால்கரிக்கு வந்து முதல் சீசனில் 86 புள்ளி எடுத்து சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். முப்பது தாண்டியவரைப் புதுமுகம் என்பதா என்று கொதித்து, அதன்பின் வயது வரம்பு வைத்தார்கள். உச்சம் கடந்த வயதில் இவ்வளவு என்றால், 24 வயதில் எவ்வளவு? இந்த ஒரு கேள்வி போதும் மகரோவுக்கு. கார்லாமோவுக்கு 1972-இன் ஆறாவது ஆட்டம்: க்ளார்க் மட்டையால் கணுக்காலில் ஓங்கி அடிக்கும் அளவுக்கு அவர் கனடாவைக் கலங்கடித்தார்.

படி 7: அணியாக்குங்கள்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். பக்கை வைத்துக்கொள்ள விரும்பும் மூன்று பேரை ஒரே லைனில் போடாதீர்கள். ஒருவர் பாஸ் கொடுக்க, ஒருவர் சுட, ஒருவர் மூலையில் மோதிப் பக்கை மீட்க. கிரெட்ஸ்கி இருந்தால் யாரி குர்ரியைத் துரத்துங்கள், அவர்கள் சேர்ந்து ஆடியது எல்லோருக்கும் தெரியும், வாதாடவே வேண்டாம். 501 புள்ளிதான் என்று கெய்னியை ஒதுக்காதீர்கள். எதிரணியின் ஹோவை யார் கவனிப்பது என்று கேட்கும்போது பெயர் சொல்ல ஆள் வேண்டும். ரெட் கெல்லி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்: டெட்ராய்டில் டிஃபென்ஸ்மேனாக நான்கு கோப்பை, டொரான்டோவில் சென்டராக நான்கு. (நான்காவது 1967-இல். டொரான்டோ அதற்குப் பின் கோப்பையே வாங்கவில்லை என்பதை இங்கே யாரிடமும் நினைவுபடுத்தாதீர்கள்.)

படி 8: ஓட்டுக்கு முன்

எதிராளியின் அணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், உங்கள் அணியைப் பற்றி அரைப் பக்கம். உங்கள் ஆளின் பலவீனத்தை அவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லுங்கள், அதற்கான பதிலோடு. ‘முழு சீசனும் ஆடியிருந்தால்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம். லெமியூ 1992-93-இல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே 60 ஆட்டத்தில் 160 புள்ளி எடுத்தார். இரண்டாமவர் லஃபொன்டெய்ன் 84 ஆட்டத்தில் 148. இதை அப்படியே சொன்னாலே போதும். 84 ஆட்டத்துக்குப் பெருக்கி 224 என்று சொன்ன நொடியில், ‘ஆடவில்லையே’ என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், நீங்கள் அதற்குப் பதில் சொல்வதிலேயே இரவு போய்விடும்.

ஓட்டு முடிந்ததும் யார் யாரை எத்தனையாவதாக எடுத்தார் என்ற பட்டியலை எடுத்து வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் எஸ்பொசிட்டோ மூன்றாவது சுற்றுவரை வருவாரா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.